ஸ்பாம் டப்பாவும் நேத்து சோறும்: அஞ்சு வருஷமா வாங்கித் திங்கறவன் சொல்றேன்

சிங்கப்பூர்ல ரூம் எடுத்து தங்குன பேச்சிலருக்கு நான் விளக்கவே தேவையில்ல. ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஃபிரிட்ஜை தொறந்தா உள்ள ஒரு டப்பா சோறு, நாலு முட்டை, யாரோ வாங்கி வெச்சுட்டு மறந்துபோன சிலி சாஸ், அவ்ளோதான். கீழ காப்பிக்கடைல மிக்ஸ்ட் ரைஸ் ஸ்டால் (சோத்தோட கறி, காய் நாமளே கை காட்டி வாங்கறது) எப்பவோ சாத்தியிருப்பாங்க, நம்மாளுங்க கடைங்க இருக்கற தேக்கா வரைக்கும் போய் சாப்பிட்டு வர தெம்பு இருக்காது, ஆர்டர் பண்ணலாம்னா சாப்பாட்டு காசுக்கு பக்கத்துல டெலிவரி காசு நிக்கும். அந்த நேரத்துக்குன்னே அலமாரில ஒரு டப்பா ஸ்பாம், அதாவது டப்பால அடைச்ச கறி, வெச்சிருக்கேன், நேத்து சோத்தோட போட்டு ஃபிரைட் ரைஸ் பண்ண. அஞ்சு வருஷமா வாங்கறேன், நெறைய சொதப்பி இருக்கேன், இப்பதான் ஒரு வழிக்கு வந்திருக்கு, அதனால எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன், ஒரிஜினல் ஸ்பாம் பன்னிக்கறி. சாப்பிடாதவங்க கீழ சிக்கன் டப்பா பத்தி எழுதின இடத்துக்கு போயிடுங்க. எங்க வீட்லயும் சாப்பிட மாட்டாங்க, நான் சாப்பிடறது அம்மாவுக்கு தெரியாது, வீடியோ கால்ல "என்னடா சமையல்"னு கேட்டா முட்டை சாதம்னு சொல்வேன், அது பொய்யும் இல்ல.

இந்த மாதிரி டப்பா கறியை இங்க பொதுவா லஞ்சன் மீட்னு தான் சொல்வாங்க. நான் முதல்ல பாத்தது மிக்ஸ்ட் ரைஸ் கடைல தான், ட்ரேல சீட்டுக்கட்டு சைஸ்ல வெட்டி பொரிச்சு அடுக்கி வெச்சிருந்தாங்க, வெளிய பிரவுன், உள்ள ரோஸ். சிக்கன்னு நெனச்சு கை காட்டிட்டேன். வாய்ல வெச்ச அப்புறம்தான் இது வேற என்னமோன்னு புரிஞ்சுது, ஆனா தட்டுல மிச்சம் வெக்கல.

ஸ்பாம்ங்கறது அதுல ஒரு பிராண்ட். அமெரிக்காவுல மின்னசோட்டால ஆஸ்டின்னு ஒரு ஊரு, அங்க ஹார்மெல் கம்பெனி 1937ல கொண்டுவந்தது. ரெண்டாம் உலகப் போர்ல பட்டாளத்துக்கு சாப்பாடா கப்பல் கப்பலா போயிருக்கு, பட்டாளம் போன இடமெல்லாம் ஒட்டிக்கிச்சு, ஹவாய், பிலிப்பைன்ஸ், குவாம், கொரியா. ஹவாய்ல சோத்து மேல ஒரு துண்டு வெச்சு கடல்பாசி தாள் சுத்தி முசுபின்னு விக்கறாங்க. கொரியால பண்டிகைக்கு இதை கிஃப்ட் பாக்ஸ்ல போட்டு சொந்தக்காரங்களுக்கு குடுக்கறாங்க, நம்ம ஊர்ல தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுக்கற மாதிரி! மாமியார் வீட்டுக்கு லஞ்சன் மீட் எடுத்துட்டு போறதை நெனச்சு பாருங்க.

டப்பா 340 கிராம். உள்ள இருக்கறது பன்னிக்கறி, உப்பு, தண்ணி, உருளைக்கிழங்கு மாவு, சர்க்கரை, சோடியம் நைட்ரைட் (கறிய பதப்படுத்த போடற உப்பு), அவ்ளோதான். லிஸ்ட் சின்னதா இருக்கறது எனக்கு பிடிக்கும். அந்த ரோஸ் கலர் நைட்ரைட்னால வர்றது. மூடி சீல் பண்ணினதுக்கு அப்புறம்தான் டப்பாவோட சேத்து வேக வெக்கறாங்க, அதனாலதான் ஃபிரிட்ஜ் இல்லாம அலமாரில கெடக்குது. நான் கடைசியா வாங்குனப்போ ஆறு ஏழு வெள்ளிக்குள்ள (சிங்கப்பூர் டாலர்) இருந்துச்சு, ஆஃபர்ல ரெண்டா கட்டி போட்டா இன்னும் கம்மி.

இப்ப முதல் சொதப்பல். கோவிட் டைம்ல வாங்குனது. சூடா அப்பதான் குக்கர்ல வடிச்ச சோறு, முழு டப்பா கறி, பழக்க தோஷத்துல கல்லுப்பு ஒரு கை, அதுக்கு மேல சோயா சாஸ் கண்ணு மூடி ஊத்தினேன். வந்தது ஃபிரைட் ரைஸ் இல்ல, கஞ்சிக்கும் பொங்கலுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு, உப்புன்னா உப்பு, ராமேஸ்வரம் கடல்ல முங்கி எந்திரிச்ச மாதிரி. எங்க ரூம்ல ஒரு அண்ணன் இருக்கார், தூத்துக்குடி பக்கம், அவர் ஒரு வாய் வெச்சுட்டு தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டே கேட்டார், "ஏலே, கருவாட்டை எவனாவது கிலோ கணக்குல போட்டு அதுக்கு உப்பும் போடுவானா?"

அவர் கிண்டலுக்கு சொன்னது தான். ஆனா விஷயம் அதுலதான் இருந்துச்சு. டப்பா கறியை கறின்னு நெனச்சு சமைச்சா தப்பு, கருவாடுன்னு நெனச்சு சமைக்கணும். கருவாட்டை என்ன பண்றோம்? கொஞ்சமா எடுப்போம், நல்லா வறுப்போம், குழம்புக்கு உப்பு பாத்து தான் போடுவோம், ஒரு துண்டை வெச்சுக்கிட்டு ஒரு தட்டு பழைய சோறே உள்ள போயிடும். இதுக்கும் அதே கணக்கு. அன்னிலேர்ந்து எனக்கு ஒரு டப்பா மூணு தடவைக்கு வருது.

அமெரிக்க லேபிள்ல 56 கிராமுக்கு 790 மில்லிகிராம் சோடியம் போட்டிருக்கு. அந்த மாதிரி ஆறு பங்கு ஒரு டப்பால, அப்ப மொத்தம் 4740. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2000க்கு கீழ இருக்கட்டும்னு சொல்லுது. நான் அன்னிக்கு முழு டப்பா போட்டு அதுக்கு மேல கல்லுப்பு போட்டிருக்கேன், இப்ப நெனச்சாலும் தாகம் எடுக்குது.

சரி இப்ப எப்படி செய்யறேன்னா, ரெண்டு பேருக்கு கணக்கு. டப்பால மூணுல ஒரு பங்கு, ஆறின சோறு ரெண்டு பெரிய கப், முட்டை ரெண்டு, ஒரு வெங்காயம், பூண்டு நாலு பல்லு, சிலி பாடி (சின்னதா காரமா இருக்கற மிளகா) ரெண்டு, ஒரு கொத்து கருவேப்பிலை, மிளகுத்தூள், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன். டீஸ்பூன் தான், டேபிள்ஸ்பூன் இல்ல. உப்பு கிடையாது, உப்பு டப்பாவை அடுப்பு பக்கமே கொண்டு வராதீங்க, கை தானா போகும்.

டப்பாவ தொறக்கறதே ஒரு கலை. வளையத்தை இழுத்து மூடி எடுத்துட்டு கவுத்தா வராது, உள்ள காத்து பிடிச்சு உக்காந்திருக்கும். டப்பாவோட நாலு பக்கமும் லேசா அமுக்கி விட்டு, கவுத்து ஒரு உதறு உதறினா 'ப்ளக்'னு ஒரு சத்தத்தோட மொத்தமா வழுக்கிட்டு வரும், மேல கொஞ்சம் ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்கும், பாக்க நல்லா இருக்காது, உண்மைய சொல்லணும்ல. பயப்பட வேணாம், சூடு பட்டா உருகிடும். கட்டைவிரல் நகம் சைஸ்ல சதுரமா வெட்டிக்குங்க. ரொம்ப பொடியா வெட்டினா தூளாயிடும், பெருசா வெட்டினா ஒவ்வொரு துண்டும் உப்பு குண்டு.

எண்ணெய் ஊத்தாம காலி சட்டில போடுங்க, மீடியம் தீ. இந்த இடத்துல தான் பொறுமை வேணும், இங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் கொழுப்பு கசிய ஆரம்பிக்கும், சட்டி அடில பளபளன்னு எண்ணெய் நிக்கும், துண்டுங்க தன் எண்ணெய்லயே தானே பொரியும். கிண்டிக்கிட்டே இருக்காதீங்க. ஒரு பக்கம் பிரவுன் ஆகி ஓரம் மொறுமொறுன்னு வந்த அப்புறம் திருப்புங்க. ஆறேழு நிமிஷம் ஆகும். கரண்டியால தட்டினா டொக்குனு சத்தம் வரணும், அதான் அளவு. மெத்துனு இருக்கறப்பவே சோத்தை கொட்டினீங்கன்னா கடைசி வரைக்கும் அது மெத்துனு தான் இருக்கும், டப்பா வாசனையும் போகாது.

துண்டுங்கள எடுத்து ஓரமா வெச்சுட்டு அந்த கொழுப்புலயே கருவேப்பிலை, பூண்டு, மிளகா, வெங்காயம். கருவேப்பிலை வேணாம், இது சீனா ஐட்டம்னு என் ஆபீஸ்ல ஒரு சைனீஸ் நண்பர் அடிச்சு சொன்னார், அப்புறம் ஒரு நாள் என் சாப்பாட்டு டப்பாலேர்ந்து எடுத்து சாப்பிட்டுட்டு இலைய மட்டும் ஒதுக்காம தின்னுட்டு போனார், வேற சாட்சி வேணுமா. வெங்காயம் லேசா வதங்கினதும் ஓரம் தள்ளி முட்டைய ஒடச்சு ஊத்தி அரைகுறையா கிளறி, சோறை கொட்டி, தீயை கூட்டி, அமுக்கி அமுக்கி கிளறணும். சோயா சாஸை சோத்து மேல ஊத்தாதீங்க, சட்டி ஓரத்துல விடுங்க, சுர்ருனு கருகுற அந்த வாசனை தான் கடை வாசனை. கடைசில பொரிச்ச துண்டுங்க, மிளகுத்தூள், இருந்தா வெங்காயத்தாள். தட்டுல போட்டு லிமாவ் காய் (இங்கத்த சின்ன எலுமிச்சை) ஒண்ணு பிழிஞ்சா உப்பு எவ்ளோ அடங்குதுன்னு பாருங்க.

சோறு பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பாதி வெற்றி அதுல இருக்கு. சூடு சோறுல ஈரம் ஜாஸ்தி, ஸ்டார்ச் கொழகொழன்னு இருக்கும். ஃபிரிட்ஜ்ல ஒரு ராத்திரி இருந்தா ஸ்டார்ச் இறுகி, மேல இருக்கற ஈரமும் காஞ்சு, ஒவ்வொரு பருக்கையும் தனியா நிக்கும். இங்க எல்லாரும் தாய்லாந்து வாசனை அரிசில செய்வாங்க, எங்க ரூம்ல பொன்னி புழுங்கல் தான், சத்தியமா சொல்றேன் இதுக்கு புழுங்கல் இன்னும் நல்லா உதிரியா வருது. ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்ததும் கட்டி கட்டியா இருக்கும், சட்டில போட்டு கரண்டியால குத்தாதீங்க, கையை தண்ணில நனைச்சு முன்னாடியே உதுத்து வெச்சுக்குங்க.

ஒரு எச்சரிக்கை மட்டும். மிச்ச சோறுன்னா குக்கர்ல மூடி போட்டு ராத்திரி பூரா வெளிய கெடந்த சோறு இல்ல. இந்த ஊர் வெக்கைல சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி பெருகும், அதோட வித்து சோறு வேகறப்பவும் சாகாது, அது விடற விஷம் ஒண்ணு திரும்ப வறுத்தாலும் போகாது. சாப்பிட்டு முடிச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள பரத்தி ஆறவிட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சிடுங்க. நான் ஒரு தடவை சோம்பேறித்தனமா விட்டுட்டு அடுத்த நாள் எம்சி (டாக்டர் சீட்டோட லீவு) எடுத்தேன், காரணம் கேட்ட சூப்பர்வைசர்கிட்ட ஃபிரைட் ரைஸ்னு சொல்ல கூச்சமா இருந்துச்சு.

மத்த டப்பாங்க. சோடியம் 25 சதவீதம் கம்மின்னு ஸ்பாம்லயே ஒண்ணு வருது, 56 கிராமுக்கு 580. நான் இப்ப அதுக்கு மாறிட்டேன், பொரிச்சு சோத்துல கலந்த அப்புறம் வித்தியாசம் தெரியல, வெறுமனே ரொட்டில வெச்சு சாப்பிட்டா தெரியும். சிக்கன் லஞ்சன் மீட் பல பிராண்ட்ல ஹலால் முத்திரையோட கெடைக்குது, எங்க சைட்ல இருக்கற பாய் நண்பருக்காக அதுல தான் செய்வேன். சிக்கன்ல கொழுப்பு கம்மி, அதனால ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊத்தியே ஆகணும், நான் வாங்குனதெல்லாம் இன்னும் மெத்துனு இருந்துச்சு, சீக்கிரம் ஒடையும். வெட்டறதுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல அரை மணி வெச்சா கத்திக்கு பிடி கெடைக்கும். வெலை பாத்து ஒரு தடவை ஒரு பேர் தெரியாத டப்பா வாங்குனேன், சட்டில போட்ட அஞ்சாவது நிமிஷம் ரவா உப்புமா ஆயிடுச்சு, மாவு தான் ஜாஸ்தி. அதுலேர்ந்து லேபிள்ல கறி எத்தனாவது இடத்துல இருக்குன்னு படிக்காம கூடைல போடறதில்ல.

டெய்லி சாப்பிடலாமான்னு கேட்டா, கூடாது. நைட்ரைட் போட்ட இந்த மாதிரி பதப்படுத்தின கறி எல்லாத்தையும் சேத்து 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மனுஷங்களுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு பட்டியல்ல போட்டிருக்கு. புரோட்டீனும் பெருசா ஒண்ணும் இல்ல, 56 கிராம்ல 7 கிராம் புரோட்டீன், 16 கிராம் கொழுப்பு. புரோட்டீனுக்கு அந்த ரெண்டு முட்டைய நம்புங்க. நான் மாசத்துக்கு ரெண்டு தடவை, பிபி மாத்திரை போடற அண்ணனுக்கு ஒரு தடவை, அதுவும் அவர் தட்டுல துண்டுங்கள நான் எண்ணி தான் போடுவேன், அவர் என் தட்டுலேர்ந்து எடுத்துக்குவார்.

மிச்ச கறிய டப்பாவோட ஃபிரிட்ஜ்ல வெக்காதீங்க, கண்ணாடி டப்பால மாத்தி மூடி வெச்சு மூணு நாலு நாளைக்குள்ள முடிச்சிடுங்க. இல்ல சதுரமா வெட்டி பங்கு பிரிச்சு ஃப்ரீசர்ல போடுங்க, நான் அப்படித்தான், நேரா ஃப்ரீசர்லேர்ந்து சட்டிக்கு.

மார்க்கு கேட்டா, டப்பாவுக்கு மட்டும்னா அஞ்சுக்கு மூணு. நேத்து சோத்தோட சேந்தா நாலு. ராத்திரி பத்து மணிக்கு வெளிய மழை பேஞ்சுதுன்னா நாலரை. போன வாரம் ரெண்டு டப்பா வாங்கி அரிசி மூட்டை பின்னாடி ஒளிச்சு வெச்சேன், இப்ப ஒண்ணு தான் இருக்கு, அண்ணன் கேட்டா "எனக்கென்ன தெரியும்"னு சொல்லிட்டு லிமாவ் காய் தேடிட்டு இருக்கார்.