காலிக் கொக்கியைச் சுற்றிக் காட்டி ‘சோதித்தாயிற்று’ என்று கொடுத்த கை வின்ச்

சுமை தூக்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றிலிருந்து, ‘முழுமையாகச் சோதிக்கப்பட்டது’ என்ற பச்சைச் சீட்டுடன் நான் வாங்கிவந்த என் கை வின்ச் (கைப்பிடியைச் சுற்றினால், கம்பிவடத்தை டிரம் எனும் உருளையில் சுருட்டிச் சுமையைத் தூக்கும் கருவி), மூன்றாம் நாளே, அதாவது நேற்று முன்தினம் மாலை, 320 கிலோ எடையுள்ள ஒரு பம்பை இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் போட்டது. பம்பு என்னுடையதன்று, பழுதுக்காக என்னை நம்பி விட்டுச்சென்ற வாடிக்கையாளருடையது. பட்டறைக்குக் கொடுத்த கூலியும், பம்புக்கு ஈடாகத் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்ட தொகையும் சேர்ந்தால் என் இரண்டு மாத வருமானம். பின்னோக்கிச் சுழன்ற கைப்பிடி என் உதவியாளரின் மணிக்கட்டை விரற்கடை தூரத்தில் தாண்டியது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஏமாந்த இடத்தை மறைக்காமல் சொல்கிறேன். வின்ச்சை எடுக்கப் போனபோது புதுச் சாயம் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பிரேக் தட்டுகள் மாற்றப்பட்டதாகப் பில்லில் எழுதியிருந்தது. அங்கிருந்த மூத்தவர், ஒன்றும் மாட்டாத கொக்கியைத் தூக்குவதுபோல் கைப்பிடியைச் சுற்றி, ராட்செட்டின் (ஒரு பக்கமாக மட்டுமே சுழல விடும் பற்சக்கரம்) நாக்கு பற்களில் ‘டக், டக்’ என்று விழும் ஓசையை என்னைக் கேட்கச் சொல்லி, “இந்தச் சத்தம் இருக்கும்வரை உங்கள் சுமை எங்கேயும் போகாது, சார்” என்றார். நானும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த ஓசை, நாக்கும் அதன் சுருள்வில்லும் வேலை செய்கின்றன என்பதை மட்டுமே காட்டும். கைப்பிடியை விட்டதும் சுமையைப் பிடித்து நிறுத்துவது பிரேக். சுமையின் இழுப்பே திருகுமரையை இறுக்கி, உராய்வுத் தட்டுகளை ராட்செட் சக்கரத்தோடு சேர்த்து நெரிக்கிறது. தட்டுகள் வழுக்கினால், நாக்கு தன் இடத்தில் ஒழுங்காக நிற்கும், சுமை மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். இழுப்பே இல்லாத காலிக் கொக்கியை வைத்துக்கொண்டு அந்தப் பிடியை எப்படிச் சோதிக்க முடியும்? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

பம்பு விழுந்த பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். புதியவை என்று காசு வாங்கிய தட்டுகள் பழையவையே. கண்ணாடிபோல் தேய்ந்து வழவழத்திருந்தன. அது போதாதென்று, பற்சக்கரங்களுக்கு மட்டும் வைக்க வேண்டிய கிரீஸைத் தட்டுகளின் மேலும் அப்பியிருந்தார்கள். என் வின்ச்சின் பிரேக் உலர்ந்த நிலையில் இயங்கும் வகை. அதில் எண்ணெய்ப் பசையே படக்கூடாது. கம்பிவடத்தின் முனையை மடித்து வடத்தோடு சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளையோ தலைகீழாக மாட்டியிருந்தார்கள். கிளிப்பின் யு வடிவ போல்ட்டின் வளைவு மடித்த குட்டை முனையின்மேலும், அடிக்கட்டை சுமை தாங்கும் வடத்தின்மேலும் அமைய வேண்டும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்கும் பாடம். வடம் நசுங்கி அறாமல் இருந்ததே பெரிது.

முதல் முறை தொலைபேசியில் அழைத்தபோது, நான் அளவுக்கு மீறி ஏற்றியிருப்பேன் என்றார்கள். கருவியின் தகட்டில் 500 கிலோ என்று பொறித்திருக்கிறது. டிரம்மில் வடம் அடுக்கடுக்காக ஏற ஏறத் தூக்கும் திறன் குறையும் என்று வாதிட்டிருந்தால்கூட அவர்களுக்குத் தொழிலறிவு இருக்கிறதென்று மதித்திருப்பேன். என் டிரம்மில் அப்போது இருந்தது ஒரே அடுக்கு. இரண்டாம் முறை, ‘சோதனை என்றால் கண்ணால் பார்ப்பதுதான்’ என்றார்கள். மூன்றாம் முறை, நானே மூடியைத் திறந்துவிட்டதால் இனி அவர்களுக்குப் பொறுப்பில்லையாம். கொண்டுவந்தால் பார்க்கலாமாம், அதற்குத் தனிக் கூலியாம். நான்காம் அழைப்பை எடுக்கவேயில்லை. என் இரண்டு மாத வருமானம் அவர்களுக்கு ஒரு தவறிய அழைப்பு.

பராமரிப்பைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவே முடிகிறது. பழுதுபார்த்த வின்ச்சை, அதன் தகட்டில் பொறித்த எடையளவில் 100 முதல் 125 விழுக்காடு வரை எடை மாட்டி உங்கள் கண்முன் தூக்கச் சொல்லுங்கள். எத்தனை கிலோ என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கொக்கியின் வாய் முதலில் இருந்ததைவிட 5 விழுக்காடு விரிந்திருந்தாலும் அது கழிவுதான், நெளித்துச் சரிசெய்ய விடாதீர்கள். வடத்தில் முறுக்கி மடங்கிய இடமோ, பிரிந்த இழையோ இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு இறக்கினாலும் டிரம்மில் 3 சுற்றாவது மிஞ்சட்டும். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் சுமையை ஒரு சாண் தூக்கி நிறுத்தி, நழுவுகிறதா என்று பார்த்த பிறகே மேலே ஏற்றுங்கள். அதன் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

பச்சைச் சீட்டை நான் இன்னும் கழற்றவில்லை. நாளைக் காலை அதையும் கிரீஸ் படிந்த அந்தத் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நேரில் போகிறேன்.