டண்டர் மிஃப்லின் தாள்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

'தி ஆபீஸ்' தொலைக்காட்சித் தொடரில் வரும் கம்பெனியின் பெயரில் விற்பனைக்கு வந்த டண்டர் மிஃப்லின் தாளை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் பிரின்டரில் போட்டுத் தீர்ப்பதற்காக வாங்குங்கள். நினைவுப் பொருளாகப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தால், அதன் அருமையே தெரியாமல் போய்விடும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. 2005 முதல் 2013 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஒன்பது பருவங்கள் ஓடிய அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரில், பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில் கிளை வைத்திருக்கும் காகித விற்பனைக் கம்பெனிதான் டண்டர் மிஃப்லின். முழுக்கக் கற்பனை. 2011 இறுதியில், அலுவலகப் பொருட்கள் விற்கும் பெரிய கடைத்தொடரான ஸ்டேபிள்ஸின் துணை நிறுவனமான க்வில், உரிமம் பெற்று அந்தப் பெயரிலேயே நிஜத் தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கதையில் இந்தச் சின்னக் கம்பெனியின் பிழைப்பில் கைவைக்கும் பெரிய கடைகளில் ஸ்டேபிள்ஸும் ஒன்று. டண்டர் மிஃப்லினின் விற்பனையாளரான ட்வைட் வேலையை விட்டதும் அங்கேதான் போய்ச் சேருகிறார். அந்தப் போட்டியாளரின் குடும்பத்திலிருந்தே இந்தத் தாள் வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

எங்களுடையது வருமான வரிக் கணக்குகளைத் தயாரிக்கும் சிறிய அலுவலகம். ஜனவரி தொடங்கி ஏப்ரல் பாதி வரை இயந்திரத்துக்கு ஓய்வே கிடையாது. அதனால் தாளின் குணம் எங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். நாங்கள் வாங்குவது 20 பவுண்டு ரகம், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிராம். 17க்கு 22 அங்குலப் பெரிய தாள்கள் 500 சேர்ந்தால் 20 பவுண்டு எடை என்பதே அந்தக் கணக்கு. அதை நான்காக வெட்டினால் அமெரிக்க அலுவலகங்களில் பழக்கமான 'லெட்டர்' அளவு (8.5க்கு 11 அங்குலம்) வரும். ஆகவே ஒரு ரீம், அதாவது 500 தாள் கொண்ட கட்டு, ஐந்து பவுண்டு இருக்க வேண்டும். கையில் தூக்கியே எடையைச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

முன்பு வேறொரு கடையில் எடுத்த மலிவுத் தாள், இரண்டாம் பக்கம் அச்சாகும்போது ஓரம் சுருண்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கதவைத் திறந்து, சூடான உருளைக்கு இடையிலிருந்து கிழியாமல் உருவி எடுப்பதற்குள் உயிர் போய்விடும். டண்டர் மிஃப்லினுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. இரு பக்கமும் அச்சடித்தாலும் பின்பக்க எழுத்து கண்ணை உறுத்துவதில்லை. பேனாவால் கையெழுத்துப் போட்டால் மை பரவுவதில்லை. ஒன்று கவனியுங்கள்: எந்தத் தாளானாலும் உறையைப் பிரித்து ஈரக்காற்றில் விட்டுவைத்தால் சுருளத்தான் செய்யும். கோடையில் தேவைக்கு ஒரு ரீம் மட்டும் பிரிப்பது நல்லது.

தரத்தைத் தாண்டி, பெயர் செய்த வேலையும் உண்டு. தட்டில் தாள் தீர்ந்தால் யாராவது நிரப்பட்டும் என்று நழுவிய சக ஊழியர்கள், இப்போது தாங்களாகவே போய் நிரப்புகிறார்கள். காலி அட்டைப்பெட்டியை யாரும் எறிவதில்லை; பழைய கோப்புகள் அதில் போகின்றன. கோப்பை, பனியன் என்று ஒரு தொடரின் பெயரில் எதை வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் தொலைபேசியில் காகிதம் விற்றுப் பிழைப்பவர்களைப் பற்றிய கதைக்கு, அன்றாடம் செலவாகித் தீரும் காகிதத்தைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. சலிப்பான வேலையையும் மதித்துப் பார்த்த தொடர் அது. அந்த மதிப்பு இந்தத் தாளுக்கும் வந்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

ஸ்க்ரான்டன் பக்கம் போனால் பென்சில்வேனியா பேப்பர் அண்டு சப்ளை கம்பெனியின் கோபுரத்தைப் பாருங்கள். தொடரின் தொடக்கக் காட்சியில் வருவது அதுதான். நிஜமாகவே காகிதம் விற்ற கம்பெனி. டண்டர் மிஃப்லின் சின்னமும் பிற்பாடு அந்தக் கோபுரத்தில் ஏறியது.

வண்ணப் புகைப்படம், அழைப்பிதழ், வேலை விண்ணப்பம் போன்றவற்றுக்கு 20 பவுண்டுத் தாள் எதுவுமே போதாது. அவற்றுக்குத் தடித்த ரகம் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு, கடிதம், ரசீது, வரைவு எல்லாவற்றுக்கும் எங்கள் அலுவலகத்தில் இதுதான்.