பலாலியிலிருந்து சென்னைக்கு: 355 கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம்

அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்ததால், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானத்தில் இம்முறை போய் வந்தோம். பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியாகக் கொழும்புக்குப் போகும் தூரத்தைவிட இது குறைவு. ஆனாலும் நெடுங்காலமாக நாங்கள் இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் தெற்கே, கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சுமார் 650 கிலோமீற்றர் வடக்கே பறந்துதான் சென்னையைச் சேர்ந்தோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் அந்தப் பிரயாணத்தில், விமானம் ஏறுவதற்கு முன்பே அம்மாவின் கால்கள் வீங்கிவிடும்.

இந்த வழி புதிதன்று. 1947 டிசம்பரில் இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. போரினால் அறுந்த தொடர்பு 2019 இல் மீண்டு, கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது.

நாங்கள் சென்றது ஏடிஆர் 72 என்னும் சிறு விமானம். ஜெட் விமானங்கள் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் பறக்க, இதன் வேகம் 500 அளவில்தான் இருக்கிறது. எனினும் இத்தனை குறுகிய தூரத்தில், மேலேறுவதிலும் கீழிறங்குவதிலுமே நேரத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுவதால், அந்த வேறுபாட்டைப் பயணி அதிகம் உணர்வதில்லை. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் தரையிறங்கிவிட்டோம். இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றே என்பதால் கடிகாரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. விமானத்தின் பின்கதவுப் படிகள் சிலவே என்பதால், முழங்கால் வலியுள்ள அம்மா என் கையைப் பிடித்தபடி தாமாகவே ஏறினார். எனக்கு இதுவே இந்தச் சேவையின் பெரிய சிறப்பாகப்பட்டது.

பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கிடுவது தவறாகும். யாழ். நகரிலிருந்து பலாலி ஏறக்குறைய 16 கிலோமீற்றர். பன்னாட்டுப் பயணம் என்பதால் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே சென்றோம். சென்னையில் குடிவரவு வரிசையும் பொதிகளுக்கான காத்திருப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தன. ஆக, வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை ஏழு மணி நேரம் ஆயிற்று. முன்பு இதே பயணம் ஒரு முழு நாளைத் தின்றது.

குறையாகச் சொல்ல வேண்டியது பொதியின் எடை வரம்பு. உறவினருக்கென்று கட்டிய பனங்கட்டியிலும் ஒடியலிலும் பாதியை வீட்டிலேயே எடுத்து வைக்க நேர்ந்தது. பயணச்சீட்டில் உள்ள அளவைப் பார்த்த பின்பே பொதி கட்டுங்கள். போகும்போது இடப்பக்கச் சாளர இருக்கையைக் கேட்டுப் பெறுவதும் நல்லது. வானம் தெளிந்திருந்ததால், கடலைத் தாண்டித் தமிழ்நாட்டின் கரை நீண்டு வருவதை அம்மா தம் நல்ல கண்ணால் கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தார்.