டிடிஎல் கேபிள் என்று சொல்லி 3,800 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

நேற்று மாலை அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். கடை எது என்று போடவில்லை. மதுரையில் கேமரா, லைட், ஸ்டாண்டு விற்கும் ஒரு மாடிக் கடை. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளிப் பிடித்துப் படமெடுக்கக் கேபிள் வாங்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு. கண்ணாடி வளையல் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மின்னும். கேமரா மேலேயே ஃபிளாஷை வைத்து அடித்தால் முகத்தில் எண்ணெய் வழியும், பின்சுவரில் நிழல் விழும். அதற்குத்தான் இந்தச் சுருள் கேபிள். டிடிஎல் கேபிள் என்றால், ஃபிளாஷ் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேமராவே அதன் வழியாகச் சொல்லும். வலது கையில் கேமரா, இடது கையில் ஃபிளாஷ். கம்பியில்லாமல் ஃபிளாஷை அடிக்க வைக்கும் ரேடியோ ட்ரிகர் மாதிரி பேட்டரி தீருமோ, பக்கத்துக்காரர் சேனலோடு மோதுமோ என்ற பயம் இல்லை.

"டிடிஎல் முழுசா வேலை செய்யுமா அண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஒரிஜினல் தம்பி. சந்தேகம்னா உங்க கேமராவிலேயே பாத்துக்கங்க" என்று என் கேனானையும் ஃபிளாஷையும் வாங்கி, அவரே மாட்டி, கூரையைப் பார்த்து ஒரு அமுக்கு அமுக்கினார். பளிச். "அடிக்குதுல்ல?"

அடித்தது. அங்கேதான் நம்பினேன். ஃபிளாஷ் அடிக்க, கேமரா மேல் அதை மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு பெரிய பின் போதும். கேனானில் கேமராவும் ஃபிளாஷும் பேசிக்கொள்வது மற்ற நான்கு சின்னப் பின்கள் வழியாக. படத்துக்கு முன்னால் லேசாக ஒரு வெளிச்சம் அடித்து, அதை லென்ஸ் வழியே அளந்து, தேவையான அளவு மட்டும் அடிக்கச் சொல்வதுதான் டிடிஎல். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், எடுத்த படத்தைத் திரையில் பார்க்காமல் 3,800 ரூபாயை ஜிபே செய்தேன்.

வளைகாப்பில் ஒவ்வொரு தடவையும் முழு பலத்தில் வெடித்தது. அந்தப் பெண்ணின் முகம் வெள்ளைக் காகிதம். வாசல் வெயிலில் ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் படத்தில் பாதி இருட்டு. ஃபிளாஷ் ஒன்று இருப்பதே கேமராவுக்குத் தெரியவில்லை, அப்புறம் எங்கே வேகமான ஷட்டரோடு ஃபிளாஷ் ஒத்துப்போகும் ஹை ஸ்பீடு சிங்க்? மேனுவலுக்கு மாற்றிச் சமாளிப்பதற்குள் நாத்தனார் வளையல் போட்டு முடித்துவிட்டார். அந்தப் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. அதை யாரால் திருப்பித் தர முடியும்?

இரவு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். நடுப் பின்னும் எர்த்தும் மட்டும் பீப் அடித்தன, அதாவது உள்ளே அவற்றுக்கு மட்டும்தான் கம்பி. நான்கு சின்னப் பின்களும் சும்மா, பார்வைக்கு.

திங்கள்கிழமை போன் செய்தால், "உங்க ஃபிளாஷ்ல கோளாறு தம்பி". ஃபிளாஷை நேராகக் கேமராவில் மாட்டினால் நன்றாக வேலை செய்கிறதே என்றேன். "அப்ப செட்டிங் தெரியல உங்களுக்கு". பதினோரு வருடமாக இதே தொழிலில் இருப்பவனிடம்! மறுநாள் பையன் எடுத்து, முதலாளி ஊரில் இல்லை என்றான். பின்னால் அவர் குரல் கேட்டது. மல்டிமீட்டர் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. புதன்கிழமை நேரிலேயே போனேன். "எலக்ட்ரானிக் அய்ட்டம், ரிட்டர்ன் கிடையாது" என்று பில்லைக் காட்டினார். அதில் 'கேபிள் 1 – 3,800' என்று மட்டும் இருக்கிறது. கம்பெனி பெயரும் இல்லை, டிடிஎல் என்ற சொல்லும் இல்லை. வாங்கும்போதே நான் படித்திருக்க வேண்டிய பில்.

சரி, சொல்கிறேன் என்றது. கேபிளில் மாட்டியதும் ஃபிளாஷ் திரையில் ஐஎஸ்ஓவும் அபெர்ச்சரும் கேமராவோடு சேர்ந்து மாறுகிறதா பாருங்கள். மாறவில்லையா, வாங்காதீர்கள். கடையிலேயே டிடிஎல்லில் இரண்டு படம் எடுத்துத் திரையில் பாருங்கள். பில்லில் கம்பெனி, மாடல் இரண்டையும் எழுத வையுங்கள். வேறு எதுவும் இப்போது ஓடவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915. காலையில் முதல் வேலையாக அதற்கு அடிக்கப் போகிறேன். 3,800 ரூபாய் பில்லும் வீடியோவும் கையில் இருக்கின்றன.