பெண்கள் பாதுகாப்புத் தணிக்கை: இருட்டில் நடந்து பார்க்கும் இந்தக் கருவி எவ்வளவு தேறும்?

ஒரு படிவம், ஒரு பேனா, இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம். பெண்கள் குழுவாகத் தெருவில் நடந்து, எந்த இடம் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்று படிவத்தில் மதிப்பெண் போடுவதுதான் பெண்கள் பாதுகாப்புத் தணிக்கை. நகரத்தின் கொள்கையில் கை வைக்க நினைக்கும் பெண்கள் குழுவுக்கு இதைவிடச் செலவு குறைந்த கருவி கிடையாது. கனடாவின் டொராண்டோ நகரில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக இயங்கும் மெட்ராக் என்ற அமைப்பு 1989-இல் வகுத்த முறை இது. 2013-இல் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் டெல்லியில் தொடங்கிய சேஃப்டிபின் என்ற செயலி வழியாகக் கைபேசிக்கும் வந்துவிட்டது. தெருவைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பதில் இதற்கு முழு மதிப்பெண் தரலாம். கவனித்ததை அரசாணையாக்கும் இடத்தில்தான் படிவம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அந்தப் பாதி வேலையைத் தன்னார்வலர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேஃப்டிபின் கேட்பது ஒன்பது விஷயங்கள்: வெளிச்சம், இடம் எவ்வளவு திறந்திருக்கிறது, நம்மைப் பார்க்க ஜன்னலோ கடையோ உண்டா, ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, அங்கே இருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர், கடைசியாக அங்கே நிற்கும்போது மனசுக்கு எப்படி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். நடமாட்டத்தையும் பெண்களின் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கேட்டதுதான் இதன் நுட்பம். ஆண்கள் மட்டும் ஐம்பது பேர் கூடி நிற்கும் முனைக்கு நடமாட்டத்தில் 3 கிடைக்கும், பெண்கள் வரிசையில் 0 விழும். ஒரே கேள்வியாக இருந்திருந்தால் அந்த முனை ‘பாதுகாப்பானது’ என்று பதிவாகியிருக்கும்.

ஒன்பதில் பலவீனமானது காவல் பற்றிய கேள்வி. காவலர் நின்றால் மதிப்பெண் ஏறுகிறது. தெருவோரம் வியாபாரம் செய்யும் பெண்ணுக்கும் திருநங்கைக்கும் அதே காவலர் அச்சமாக இருக்கலாம். அவர்களைக் குழுவில் சேர்க்காமல் போட்ட எண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொரு பொறி, சராசரி. வெளிச்சம் உண்டு, கூட்டம் உண்டு, பேருந்தும் உண்டு. ஆனால் நிறுத்தத்துக்குப் போக ஒரே வழி, வளைந்து திரும்பும் சுரங்கப்பாதை. சராசரி போட்டால் அந்த இடம் நன்றாகவே தேறிவிடும். பெண்களோ அந்த ஒரு வளைவுக்குப் பயந்து அந்த வழியையே தவிர்ப்பார்கள். அதனால் மனுவில் சராசரி எண்ணை எழுதாதீர்கள். 0 விழுந்த கட்டத்தை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

நடைக்கு நான்கு முதல் ஆறு பேர் போதும். பதினைந்து பேர் திரண்டு போனால் எந்தச் சந்தும் பயமில்லாத சந்தாகத் தெரியும், மதிப்பெண் பொய்யாகிவிடும். அந்த வழியைத் தினமும் பயன்படுத்தும் ஒருவராவது வேண்டும். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வருபவர் ஒருவர் இருந்தால் நடைபாதைக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று எழுதினாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். சூரியன் மறைந்து அரை மணியாவது கழிந்த பிறகு தொடங்குங்கள். ‘மனசுக்கு எப்படி’ என்ற கேள்விக்கு எல்லாரும் பேசாமல் எழுதி முடித்த பிறகே விவாதம். முதலில் வாய் திறப்பவரின் பயமோ தைரியமோ மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். கவுன்சிலரையும் அதிகாரியையும் முதல் நடைக்கே அழைத்துவிடும் குழுக்கள் நிறைய. அன்றைக்குப் பார்த்து எல்லா விளக்கும் எரியும், குப்பையும் அள்ளப்பட்டிருக்கும். அவர்கள் வர வேண்டியது இரண்டாவது நடைக்கு.

படம் எடுப்பதில் எல்லாக் குழுவும் சறுக்குகிறது. கைபேசி கேமராவின் இரவுப் பயன்முறை இருட்டைத் தானாகவே வெளுத்துவிடும். கண்ணுக்குக் கும்மிருட்டாக இருந்த சந்து, படத்தில் அந்திப்பொழுது போலத் தெரியும். அதிகாரி அதைப் பார்த்து “வெளிச்சம் இருக்கிறதே” என்பார், அவர் மேல் தப்பில்லை. இரவுப் பயன்முறையையும் ஃபிளாஷையும் அணைத்துவிட்டு எடுங்கள். கூடவே ஒரு எளிய சோதனை: பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் ஒருவரை நிறுத்தி, முகம் தெரிகிறதா, உருவம் மட்டும் தெரிகிறதா என்று எழுதுங்கள். கைபேசியின் வெளிச்ச அளவுமானிச் செயலிகள் ஆளுக்கொரு எண் காட்டும். இந்தச் சோதனையை யாராலும் மறுக்க முடியாது.

ஒரு விளக்குக் கம்பத்தையே எடுத்துக்கொள்வோம். ‘தெரு இருட்டாக இருக்கிறது’ என்று மனு போகிறது. மின் பிரிவு ஆள் வந்து பார்க்கிறார், விளக்கு எரிகிறது. ‘பழுது இல்லை’ என்று மனுவை மூடிவிடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் விஷயம் புரியும்: விளக்குக்குக் கீழே மரக்கிளை படர்ந்து குடை பிடிக்கிறது, ஒளி முழுக்க இலைகளின் மேல் விழுகிறது, நடைபாதைக்கு நிழல்தான் மிச்சம். அந்த மனு போயிருக்க வேண்டியது பூங்காப் பிரிவுக்கு. சாலை, விளக்கு, மரம், பேருந்து நிறுத்தம் எல்லாம் ஒரே நகரத்தில் வெவ்வேறு கைகளில் இருக்கும். படிவத்தில் ‘இது யார் பொறுப்பு’ என்ற கட்டமே கிடையாது. அதை நீங்களே ஒரு வரிசையாகச் சேருங்கள். பக்கத்தில் கம்ப எண்ணுக்கும் ஒரு வரிசை.

நாற்பது பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை. துறைக்கு ஒரு பக்கம், அதில் மூன்று கோரிக்கை: எந்த இடம், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். கொடுத்ததற்குக் கையொப்பத்தோடு ரசீது வாங்குங்கள். வரவுசெலவுத் திட்டம் தயாராகும் மாதங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பணம் ஒதுங்கும். பிறகு போனால் அடுத்த ஆண்டு என்பார்கள்.

பழுது பார்க்கச் சொல்வதோடு நின்றுவிடாமல் விதியை மாற்றச் சொல்வதுதான் கொள்கை வேலை. பத்து விளக்கை மாற்றக் கேட்பது ஒரு கோரிக்கை. தெருவிளக்கு ஆய்வை மாதம் ஒருமுறை இரவில் நடத்த வேண்டும் என்று எழுத்தில் வாங்குவது வேறு கனம். டொராண்டோவில் மெட்ராக், போக்குவரத்து நிறுவனத்தோடும் காவல்துறையோடும் சேர்ந்து பொதுப் போக்குவரத்தைத் தணிக்கை செய்தது. 1991-இல் அங்கே புது வழக்கம் வந்தது: இரவு 9 முதல் காலை 5 வரை பேருந்தில் தனியாகப் பயணம் செய்யும் பெண், இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலேயே இறக்கிவிடச் சொல்லலாம். ஒரு செங்கல்கூட வைக்காமல், ஓட்டுநருக்குப் போன ஒரு உத்தரவால், வீட்டுக்கு நடக்க வேண்டிய இருட்டுத் தூரம் குறைந்தது. இப்படி ஒரு கோரிக்கையாவது உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

செயலியா, காகிதமா? வரைபடத்தில் புள்ளி வைத்து இடங்களை ஒப்பிடச் செயலி நல்லது. நெருக்கமான சந்துகளில் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். பதிவேற்றும் முன் சரிபாருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பெண்கள் விட்டுப்போவார்கள் என்பது பெரிய குறை. தொடங்கும் குழு காகிதத்தில் தொடங்கட்டும்.

மூன்று மாதம் கழித்து அதே இடங்களில், அதே படிவத்தோடு மறுபடி நடக்க வேண்டும். கடிகார நேரத்தைப் பார்க்காமல், சூரியன் மறைந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பொருத்துங்கள். இலை உதிர்ந்த பருவமாக இருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் மரம் தானாகக் கொடுத்த வெளிச்சம், துறை செய்த வேலையாகக் கணக்கில் ஏறிவிடும்.