அந்தமானில் "கடற்பசு கட்டாயம்" என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

நேற்று இரவுதான் ஊர் திரும்பினோம். பள்ளி விடுமுறைக்கு அந்தமான் போக டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு 18,500 ரூபாய் போய்விட்டது.

சுற்றுலா புக்கிங் செயலி ஒன்றில் வந்த விளம்பரம் அது. நீல் தீவில் (2018-இல் ஷாஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள்) தனிப்படகு, ஸ்நார்க்கெலிங் (மாஸ்க் போட்டுக்கொண்டு மிதந்தபடி கடலுக்கடியில் பார்ப்பது), "கடற்பசு கட்டாயம், பார்க்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ்". என் மகளுக்குக் கடற்பசு என்றால் உயிர். ராமநாதபுரம் பக்கம் ஆவுளியா என்பார்களே, அதுதான். அந்தமானின் மாநில விலங்கும் அதுவே.

உடனே பணம் கட்டவில்லை. முதலில் ஏஜென்டிடம் போனில் பேசினேன். நல்ல தமிழ். "அக்கா, எங்க தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம். நம்ம ஆளுங்களையே ஏமாத்துவேனா? பாப்பாவுக்குக் காட்டுறது என் பொறுப்பு" என்றார். மகளிடமும் பேசினார், என்ன படிக்கிறாய் என்றெல்லாம் விசாரித்தார். அவ்வளவு தூரத்தில் நம் பாஷையில் ஒருவர் இப்படிப் பேசினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? 18,500 ரூபாயையும் முன்பணமாகவே அனுப்பினோம்.

தனிப்படகில் ஏற்கெனவே இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மகளுக்குக் கொடுத்த மாஸ்க்கின் பட்டை தொளதொளவென்று இருந்தது, முகத்தை இறக்கியதும் மூக்கில் தண்ணீர். வேறு மாஸ்க் இல்லையாம். கரைக்குப் பக்கத்திலேயே எல்லோரையும் ஒரே மிதவை ரிங்கைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் போனார் கைடு. உயிருள்ள பவளப்பாறை மேல் காலை ஊன்றி நின்றார்! தூரத்தில் ஏதோ கருப்பாகத் தெரிந்ததைக் காட்டி, "அதோ போகுது பாருங்க" என்றார். அது அசையவே இல்லை. வெறும் பாறை.

அப்புறம் செய்ததுதான் வயிற்றெரிச்சல். ஒரு பேத்தை மீனைக் குத்திக் குத்தி உப்ப வைத்தார். பயந்து உப்பும் உயிரை வைத்து வேடிக்கை. பிறகு முங்கி ஒரு கடல் அட்டையை எடுத்துவந்து மகள் கையில் திணித்து, "போட்டோ எடுங்க மேடம்" என்றார். கடல் அட்டையைப் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம். நம் கடற்கரையில் அதை வைத்திருந்தவர்களைக் கைது செய்த செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது! மகள் அழுதுகொண்டே அதைத் தண்ணீரில் விட்டாள்.

கரையேறியதும் ஏஜென்டைக் கூப்பிட்டேன். "கடல்ல எது வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும்க்கா" என்றார். அடுத்த முறை, "ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்". அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. செயலியில் புகார் கொடுத்தால் படகுக்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள், படகுக்காரர் செயலியைக் கேளுங்கள் என்கிறார். விலங்குகள் தென்படுவது இயற்கையைப் பொறுத்தது என்று விதிமுறையில் இருக்கிறதாம். அப்படியானால் "கட்டாயம்" என்று ஏன் போட்டீர்கள்? கடைசியில் அடுத்த பயணத்துக்கு 500 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். 18,500 எங்கே, 500 எங்கே!

என்னென்ன பார்த்து புக் செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. கடற்பசு கடற்புல் மேய்ந்துகொண்டு, மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து போகும் பிராணி. அதைக் காட்டுவதாக யாராலும் உறுதி கொடுக்க முடியாது, கொடுத்தால் பொய். முழுப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். மாஸ்க்கைக் கரையிலேயே போட்டுப் பாருங்கள். கைடு எதையாவது பிடித்துக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எங்கள் விளம்பரத்தில் இப்போது "கட்டாயம்" என்ற சொல்லே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை அங்கே புகார் பதிந்துவிட்டேன்.