இவர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறார்? இருபது வருடமாகத் தேடிய அனுபவம்

"சார், எக்செல் திறக்க மாட்டேங்குது" என்று போன் வரும். "எந்த சிஸ்டத்துல உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டால், "ஜன்னல் பக்கத்துல இருக்கிறது சார்" என்பார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இடம் மாறுகிறவர் கணினியின் பெயரை எப்படி ஞாபகம் வைத்திருப்பார்? ஆனால் ரிமோட்டில் உள்ளே போய்ச் சரிசெய்ய எனக்கு அந்தப் பெயர்தான் வேண்டும். எங்களிடம் மூன்று கட்டடங்கள், சுமார் 220 கணினிகள். இந்த ஒரு கேள்விக்காக 2004 முதல் நான் பயன்படுத்திப் பார்த்த வழிகளை இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் "டொமைன் கன்ட்ரோலரைப் பார்த்தா தெரியாதா?" என்று கேட்பார்கள். எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் மைய சர்வர் அது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தெரியாது. அதில் ஓடும் ஆக்டிவ் டைரக்டரி என்ற பயனர் பதிவேடு பாஸ்வேர்டைச் சரிபார்த்து டிக்கெட் கொடுப்பதோடு சரி. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் போய், உள்ளே போனவர் எந்த சீட்டில் இருக்கிறார் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கடைசி லாகின் நேரம் என்று இரண்டு குறிப்புகள் பயனர் கணக்கில் இருக்கும். ஒன்று, லாகினைச் சரிபார்த்த அந்த ஒரு கன்ட்ரோலரோடு நின்றுவிடும், மற்றவற்றுக்குப் போகாது. இன்னொன்று போகும், ஆனால் 9 முதல் 14 நாள் வரை பழசாக இருக்கலாம். இரண்டிலும் கணினியின் பெயர் கிடையாது.

எக்ஸ்பி காலத்தில் இது சுலபமாக இருந்தது. கணினிகளுக்கிடையே செய்தி அனுப்பும் மெசஞ்சர் சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும். லாகின் செய்தவரின் பெயரையும் அது நெட்வொர்க்கில் பதிவு செய்துவிடும். பதிவான பெயர்களைக் காட்டும் என்பிடிஸ்டாட் கட்டளையைப் போட்டால், 03 என்ற குறியோடு அந்தப் பெயர் வந்து நிற்கும். பெயர்களையும் அவற்றின் முகவரிகளையும் சேர்த்து வைக்கும் வின்ஸ் சர்வரில் பயனர் பெயரைத் தேடினால் ஐபி முகவரியே கிடைக்கும். அதே சர்வீஸ் வழியாக விளம்பரப் பெட்டிகள் வந்து தொல்லை கொடுத்த காலமும் அதுதான். 2004-ல் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் அதை இயல்பாகவே அணைத்து வைத்தது, விஸ்டாவில் அடியோடு எடுத்துவிட்டார்கள். எங்கள் கணினிகளில் அந்த பேக்கைப் போட்ட வாரமே 03 வரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

அப்புறம் பிஎஸ்லாக்டுஆன். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் வருவது. 2006-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. பயனர் பெயரைக் கொடுத்தால், நெட்வொர்க்கில் உள்ள கணினிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும். யாராவது லாகின் செய்திருந்தால் அவருடைய பகுதி அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஏற்றப்பட்டிருக்கும், அதைத்தான் இது படிக்கிறது. எத்தனையோ வருடம் இதை நம்பி ஓட்டினேன். குறை என்றால் வேகம்தான். அணைத்து வைத்த கணினிகளுக்காகக் காத்து நிற்கும். ஒருமுறை முழுச் சுற்று முடிய இருபது நிமிடம் ஆனது, அதற்குள் போன் செய்தவர் டீ குடிக்கப் போய்விட்டார். விண்டோஸ் 10-க்கு மாறியதும் இன்னொரு சிக்கல் வந்தது. இது வேலை செய்ய, தொலைவிலிருந்து ரெஜிஸ்ட்ரியைப் படிக்க விடும் ரிமோட் ரெஜிஸ்ட்ரி சர்வீஸ் வேண்டும், அங்கே அது இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு கருவிக்காக 220 கணினிகளிலும் அதைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது எப்போதாவதுதான் எடுக்கிறேன்.

கணினி எது என்று ஓரளவு தெரிந்துவிட்டால் குவெரி யூசர் கட்டளை போதும். யார் இருக்கிறார், எப்போது வந்தார், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது என்று தெளிவாகக் காட்டும். சர்வர்களில் சிக்கலே இல்லாமல் ஓடும். சாதாரண மேசைக் கணினிகளில் தொலைவிலிருந்து கேட்க அனுமதி இருக்காது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 0-விலிருந்து 1 ஆக்க வேண்டும், ஃபயர்வாலிலும் வழி விட வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒரு வழி ஃபைல் சர்வர். எங்களிடம் எல்லோருக்கும் ஒரு ஹோம் டிரைவ் உண்டு. லாகின் செய்தவுடனே அது அந்த சர்வரோடு இணைந்துவிடும். சர்வரில் நெட் செஷன் என்று அடித்தால், யார் எந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறார் என்ற பட்டியல் இரண்டு நொடியில் வந்துவிடும். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், 220 கணினிகளையும் தட்ட வேண்டாம். 15 நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்தால் அந்த இணைப்பு பட்டியலிலிருந்து விழுந்துவிடும், அது ஒன்றுதான் குறை. அப்போது "உங்க ஃபோல்டரை ஒருதரம் திறந்து மூடுங்க" என்று சொல்வேன். பெயர் திரும்ப வந்துவிடும்.

ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். கணக்குப் பிரிவில் ஒரு அம்மா பாஸ்வேர்டை மாற்றினார். அன்று மதியமே கணக்கு பூட்டிக்கொண்டது. திறந்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் பூட்டியது. மூன்றாவது நாள் நேரில் வந்து நின்றார். "ஏன் சார், யாரோ என் பேர்ல உள்ள நுழையப் பார்க்கிறாங்களா?" என்று கேட்டபோது குரல் நடுங்கியது. சம்பளக் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது, பயம் வரத்தானே செய்யும். கணக்கு பூட்டினால், பிடிசி எமுலேட்டர் என்ற தலைமைப் பொறுப்பில் இருக்கும் டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். எந்தக் கணினியிலிருந்து தவறான பாஸ்வேர்டு வந்தது என்று அதில் இருக்கும். பார்த்தால் ஸ்டோர்ஸ் கணினி. இருப்பு எடுக்கும் சமயத்தில் அங்கே லாகின் செய்த அந்த அம்மா, லாக் ஆஃப் செய்யாமல் வந்துவிட்டார். அடுத்து வந்தவர் ஸ்விட்ச் யூசர் போட்டுத் தன் வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பின்னணியில் அந்தப் பழைய செஷன் பழைய பாஸ்வேர்டோடு சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை மூடியதும் பிரச்சினை தீர்ந்தது. முதல் நாளே 4740-ஐப் பார்த்திருந்தால் அவருக்கு இரண்டு நாள் பயம் மிச்சமாகியிருக்கும். அன்றிலிருந்து, பூட்டிய கணக்கைத் திறக்கும் முன்பே அந்தப் பதிவைப் பார்த்துவிடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு நான் அதிகம் நம்புவது எது என்றால், லாகின் ஆனதும் தானாக ஓடும் லாகின் ஸ்கிரிப்டில் இருக்கும் இரண்டே வரிகளைத்தான். பயனர் பெயர், கணினிப் பெயர், தேதி, நேரம், ஐபி எல்லாவற்றையும் சர்வரில் ஒரு ஃபோல்டரில் எழுதும். ஒரு வரி ஆளின் பெயரில் உள்ள ஃபைலுக்குப் போகும், இன்னொன்று கணினியின் பெயரில் உள்ள ஃபைலுக்கு. அதனால் "இவர் எங்கே?", "இங்கே யார்?" இரண்டுக்கும் பதில் உடனே கிடைக்கும். லாக் ஆஃப் ஸ்கிரிப்டிலும் அதே வரிகள் உண்டு.

இதிலும் அடிபட்டுத்தான் கற்றேன். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் குரூப் பாலிசி வழியாக ஓடும் லாகின் ஸ்கிரிப்டை விண்டோஸ் 8.1-லிருந்து 5 நிமிடம் தாமதமாகத்தான் ஓட்டுகிறார்கள். இது தெரியாமல், ஒரு மாதம் முழுக்க நேரம் தப்பாக விழுகிறது என்று சர்வர் கடிகாரத்தைச் சந்தேகித்தேன். பாலிசியிலேயே அந்தத் தாமதத்தை 0 ஆக்கலாம். ஃபோல்டரில் ஊழியர்களுக்கு எழுத மட்டும் அனுமதி கொடுங்கள், படிக்க வேண்டாம். யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பதைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கக் கூடாது. என்ன பதிவாகிறது, எதற்காக என்பதை எல்லோருக்கும் எழுத்தில் சொல்லிவிட்டேன், 60 நாளுக்கு மேல் வைப்பதில்லை. ஒருமுறை ஒரு மேலாளர் தாமதமாக வருகிறவர்களின் பட்டியலை இதிலிருந்து கேட்டார். கொடுக்கவில்லை. பழுது பார்க்க என்று சொல்லித்தானே எழுத ஆரம்பித்தோம்?

வீட்டிலிருந்து வேலை செய்வது வந்தபோது இந்த முறை தடுமாறியது. மடிக்கணினியில் லாகின் முடிந்த பிறகுதானே அலுவலக நெட்வொர்க்கோடு சேர்க்கும் விபிஎன் இணைகிறது, ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் சர்வரே கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்த வரிகளை, குறித்த நிகழ்வு நடந்ததும் வேலையைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலருக்கு மாற்றினேன். லாகின் ஆனாலும், திரையை அன்லாக் செய்தாலும், புது நெட்வொர்க் இணைந்து 10000 என்ற ஈவென்ட் விழுந்தாலும் ஓடும். சர்வர் கிடைக்காவிட்டால் கணினியிலேயே எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை அனுப்பும். இப்போது வீட்டிலிருப்பவர்களின் வரிகளும் வந்துவிடுகின்றன, ஐபி இடத்தில் விபிஎன் கொடுத்த முகவரியோடு. ரிமோட்டில் போக எனக்கு வேண்டியதும் அந்த முகவரிதான்.